தேதிப்படி போட்ட கோடு

ஐப்பசி 9, புதன்.

இவருடைய கிட்னி ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளை மருமகள் லேப்டாப்பில் ஏற்றிக் கோடு போட்டாள். ஏற ஏறக் கிட்னி கெடுகிறது என்று அர்த்தம்; கோடு மெதுவாகத்தான் ஏறியது. "பாத்தியாம்மா? அவசரம் ஒண்ணும் இல்ல, டயாலிசிஸ் அப்பறம் பாத்துக்கலாம்" என்றான் மகன். வைகாசியிலும் இதையேதான் சொன்னான். நான் மறக்கவில்லை.

"முன்ன மாசத்துக்கு ஒரு தபா ரத்தம் எடுத்தாங்க. இப்ப வாரா வாரம் எடுக்குறாங்க. ரெண்டுக்கும் ஒரே தூரத்துல புள்ளி வெச்சிகீறியே?" என்று மருமகளைக் கேட்டேன்.

அவள் தேதிப்படி மாற்றினாள். கடைசிப் புள்ளிகள் நெருங்கி வந்தன. கோடு சுவர் மாதிரி நிமிர்ந்தது. இனி மகனைத் திட்டித்தான் என்ன?

கட்டிலில் இருந்து இவர், "இன்னாம்மே, எப்டி கீதாம்?" என்றார்.

"நல்லா கீதாம். தூங்குய்யா" என்றேன்.

நம்பின மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.