பீன்ஸ் கேக்கும் ஒரு பிடி மாவும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுறது. நீயும் மாப்பிள்ளையும் சுகமா இருக்கணும், காலையில அடுப்பு பத்த வைக்கும்போது முதல்ல நான் நினைக்கிறது அதத்தான். இங்க நாங்களும் சுகம்னு எழுதத்தான் பேனாவ எடுத்தேன், கை வரமாட்டேங்குது. போன்ல சொல்லலாம்னா வீடும் கடையும் ஒட்டி இருக்கு, நான் முணுமுணுத்தாலும் உங்கம்மா காதுல விழுந்துரும். அதான் கேக் டப்பாவுக்குள்ள விரிக்கிற வெள்ளத் தாள்ல எழுதுறேன். மூணாங்கிளாஸோட மாவு பிசைய வந்தவன் எழுத்து, கோணலாத்தான் இருக்கும், பொறுமையா படி.

கடை போர்டு காத்துல ஒரு பக்கம் சாஞ்சு தொங்குது. மாடியில இருக்கிற தையல்காரம்மா, அதான் வாய் ஓயாம பேசுமே அந்தம்மா, தினம் வந்து அண்ணே அது யார் தலையிலயாவது விழுந்தாத்தான் நிமித்துவீங்களான்னு கேட்டுட்டுப் போகுது. பூனை விறகு ரூம்ல மூணு குட்டி போட்டிருக்கு, ஒண்ணு உன்னை மாதிரியே, யார் தூக்கினாலும் முறைக்குது. இதெல்லாம் எதுக்கு எழுதுறேன்னா சொல்ல வந்தத சொல்லப் பயமா இருக்கும்மா, அதான் சுத்தி வர்றேன்.

போன தடவ நீ பேசினப்ப அம்மா தேறிட்டு வர்றான்னு சொன்னேன், அது பொய். கோதுமை ஆகாதுன்னு குடல் டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். க்ளூட்டன்னு ஒரு பேர் சொன்னார். மாவ இழுத்தா ரப்பர் மாதிரி வருதே அதுதான்யா, உன் பொண்டாட்டி குடலுக்கு அது விஷம், கண்ணுக்குத் தெரியாத தூசி போனாலும் அரிச்சிடும்னார். அந்த இழுவைய வச்சுத்தான் முப்பத்தோரு வருஷம் நம்ம அடுப்பு எரிஞ்சுது. ஆஸ்பத்திரி வாசல்ல உங்கம்மா, பேக்கரிக்காரனக் கட்டினவளுக்கு வந்த வியாதியப் பாருன்னு சிரிச்சா. அதுக்கப்புறம் அவ சிரிச்சு நான் பாக்கல. சோறு சாப்பிடுவா, ஆனா அவளுக்கு இனிப்பு இல்லாம ஒரு நாள் முழுசாகாது, உனக்குத் தெரியாததா. டீயோட ஒரு துண்டு கேக் இல்லன்னா எதையோ தொலைச்சவ மாதிரி உக்காந்திருப்பா. அதைப் பாக்க முடியாமத்தான் மாவுக்குப் பதிலா நான் பீன்ஸப் பிடிச்சேன்.

சிவப்பு பீன்ஸ, அதான் ராஜ்மாவ, முந்தின நாளே ஊறப்போட்டு, நசுக்கினா வெண்ணெயா மசியிற வரைக்கும் வேகவச்சு, தண்ணிய நல்லா வடிச்சு, முட்டையும் கோக்கோவும் போட்டு மையா அரைக்கணும். சக்கரையும் அவளுக்குக் குறைக்கணும்னு பேரீச்சம்பழத்த ஊறவச்சு சேத்தேன். முதல் தடவ களி மாதிரி வந்துச்சு, ரெண்டாவது நடுவுல அமுங்கிருச்சு, நாலாவது தடவதான் கேக்குன்னு கூப்பிடுற மாதிரி எழும்புச்சு. ரொட்டி போடுற நம்ம மாமா இருக்காரே, மச்சான் இதத் தின்னா வீட்டுக்குள்ள வேட்டுச் சத்தம் கேக்கும், அக்கம்பக்கத்துல சொல்லி வச்சிருன்னார். தூசி ஆகாதுன்னுதானே, கடை லீவு நாள்ல, இடத்தையெல்லாம் கழுவி விட்டு, அவளுக்குன்னே புதுசா வாங்கின தட்டு, சல்லடை, கரண்டி, எல்லாம் தனியா வச்சு செஞ்சேன். அவ ஒரு துண்டு தின்னுட்டு, நம்ம கடை கேக் மாதிரியே இருக்குன்னு இன்னொன்னு கேட்டா. எனக்கு உலகத்தையே ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு. நாலு மாசம், வாரம் தவறாம செஞ்சு குடுத்தேன்.

நாலு மாசத்துல அவ எலும்பும் தோலுமா ஆயிட்டா. சுவத்தப் பிடிச்சுக்கிட்டுத்தான் கக்கூஸுக்குப் போறா. டாக்டர் நீங்க சாப்பாட்டுல ஒழுங்கா இல்லன்னு எங்களத் திட்டுறார், நாங்க சத்தியம் பண்றோம். போன லீவு நாள்ல தையல்காரம்மா போர்டு பத்திப் பேச வந்து அடுப்புகிட்ட நின்னுச்சு. நான் பீன்ஸ் மாவ ஊத்தப் போறேன். அண்ணே, அக்காவுக்கு மாவே ஆகாதுன்னீங்க, இப்ப தட்டுல தூவினீங்களே அது என்னன்னு கேட்டுச்சு. நான் எங்க தூவினேன்னு கேட்டுட்டுக் குனிஞ்சு பாத்தேன். தட்டு பூரா வெள்ளையா இருந்துச்சும்மா. வெண்ணெய் தடவி, வலது பக்கம் எப்பவும் இருக்கிற மைதா டப்பாவுல கைய விட்டு, ஒரு பிடி தூவி, கேக் ஒட்டாம இருக்க ரெண்டு தட்டுத் தட்டி, எல்லாம் என் கை பாட்டுக்குச் செஞ்சிருக்கு. முப்பத்தோரு வருஷமா எனக்குச் சொல்லாமயே செய்யிற கை. நாலு மாசமா ஒரு வாரம்கூட விடாம செஞ்சிருக்கு.

அவகிட்ட மறைக்க முடியல, போய் சொன்னேன். அதானா நம்ம கடை கேக் மாதிரியே ருசியா இருந்துச்சுன்னு கேட்டுட்டு சுவத்துப் பக்கமா திரும்பிப் படுத்துக்கிட்டா. ஒரு வார்த்தை திட்டல, திட்டியிருக்கலாம். அப்புறம் மாவு தூவாம வெறும் தாள விரிச்சு ஒரு தடவ செஞ்சு கொண்டுபோய் வச்சேன். வேணாங்கன்னு சொல்லிட்டா. நான் சோறு போட்டாலும் என் கையத்தான் பாக்குறா. கேக்குன்னு இல்ல, என் கையால எதுவுமே இறங்க மாட்டேங்குது அவளுக்கு. குடல் திரும்ப வளருமான்னு டாக்டரக் கேட்டேன், இந்த வயசுல எவ்வளவு தேறும்னு சொல்ல முடியாதுன்னுட்டார். கடைய மூடிட்டேன். இனிமே திறக்கிற எண்ணமும் இல்ல.

இப்ப உன் விஷயத்துக்கு வர்றேன். இது ரத்தத்துல வர்ற வியாதி, பிள்ளைங்களுக்கும் இருக்கலாம்னு டாக்டர் சொன்னார், உங்கம்மாகிட்ட இத இன்னும் சொல்லல. அதக் கேட்டதுல இருந்து ஒண்ணே கண்ணுல நிக்குது. உனக்கு ஆறு வயசு இருக்கும், காலையில ரொட்டிய வச்சா வயித்தப் பிடிச்சுக்கிட்டு வேணாம்பா வேணாம்பான்னு அழுவ. ஸ்கூலுக்கு டிமிக்கி குடுக்குறேன்னு நினைச்சு, பேக்கரிக்காரன் மகளுக்கு ரொட்டி கசக்குதான்னு அடுப்புப் பக்கத்துல நிக்க வச்சு முழுசையும் தின்ன வச்சேன். தினமும் தின்ன வச்சேன். நீ இப்ப அசதியா இருக்கு, ரத்தம் கம்மின்னு மாத்திரை சாப்பிடுறேன்னு சொன்னியே, அதுவும் இந்த வியாதியோட அடையாளமா இருக்கலாமாம், அன்னைக்கு எனக்கு விளங்கல.

நீ நல்லா இருக்கணும், உன் வீட்ல எப்பவும் பசியாறணும், அப்பாவோட ஆசீர்வாதம். ஒண்ணு மறந்துராத, இந்த வாரமே போய் ரத்தம் குடுத்துப் பாரு. பயந்துக்கிட்டு முன்னாடியே ரொட்டிய நிறுத்திராத, நிறுத்தினா சோதனையில தெரியாதாம். அதுவரைக்கும் தின்னுக்கிட்டுத்தான் இருக்கணுமாம். மறுபடியும் உன்னை ரொட்டி தின்னுன்னு சொல்ற நிலைமை எனக்கு. இந்தத் தாளத் தொடுறதுக்கு முன்னாடி மூணு தடவ கை கழுவினேன், இருந்தாலும் படிச்சதும் நீ கை கழுவிக்கோம்மா.

உன் அப்பா