இன்ஸ்பெக்டர் கட்டிய என் புடவை

கடலூர்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

நேற்று, பிள்ளைகளிடம் நடந்ததைக் கேட்டுப் பதிவுசெய்யும் எங்கள் மையத்துக்கு, கொடுமைக்கு ஆளான எட்டு வயதுப் பிள்ளை வந்தாள். பிள்ளை என்னிடம் பேசுவதைப் பக்கத்து அறையிலிருந்து யாரெல்லாம் கேட்கப்போகிறார்கள் என்று அவளுக்கு முதலிலேயே காட்டிவிடுவது எங்கள் வழக்கம். டாக்டர், வக்கீலோடு, சிதம்பரம் தேர் பந்தோபஸ்திலிருந்து சீருடையிலேயே வந்த பெண் இன்ஸ்பெக்டரும் இருந்தார். பிள்ளை வாயை மூடிக்கொண்டாள்.

"யூனிஃபார்ம பாத்து பயப்படுது. மாத்துப் புடவ இருக்கா மேடம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

என் நீலப் புடவையில் அவர் வந்து சிரித்த பிறகுதான் பிள்ளை என்னிடம் பேசினாள். மற்றவர்கள் பக்கத்து அறைத் திரையில் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். ஆளாளுக்குத் திரும்பச் சொல்ல அவளை விடமாட்டோம் அம்மா.

அந்தப் புடவை இனி இங்கேயே இருக்கட்டும். எனக்கு உங்கள் பழைய புடவை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

அடுத்த பிள்ளை வந்துவிட்டாள்.

வடிவு