ஜிப்சம் மண்ணுக்குள் போன மச்சானுக்கு

என் அருமை மச்சான்,

உங்களுக்கு என் ஸலாம். கபருக்குப் பக்கத்தில் நின்று ஸலாம் சொன்னால் உள்ளே இருப்பவருக்குக் கேட்கும் என்பார்கள். உங்கள் கபர் எந்த இடத்தில் இருக்கிறது என்று இப்போது யாருக்கும் தெரியவில்லை. எந்தப் பக்கம் திரும்பி நின்று சொல்ல? அதனால்தான் எழுதுகிறேன். நாலு பேர் வாசிக்கிற இடத்தில் போடவும் சம்மதித்துவிட்டேன், இதை ஒற்றை ஆளாக வைத்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

முதலில் வீட்டுச் சேதி. நம் மகள் நஸீமா கடையநல்லூரில் புருஷன் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு நீங்கள் இருந்த அந்த வளைகுடா நாட்டிலேயே, நகரத்துக்குள் வேலை கிடைத்திருக்கிறது. சங்கரன்கோவிலில் நம் தெருவில் தறிச் சத்தம் அப்படியேதான். பனவடலிசத்திரம் பக்கம் நம் காட்டில் இந்த முறையும் கடலைதான். குத்தகைக்காரர் டிப்போவில் ஜிப்சம் மூட்டை வாங்கி வந்து இறக்கினார். அந்த வெள்ளைத் தூளைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன், அவர் தூவும்போது பக்கத்தில் நிற்க முடியவில்லை.

"நம்ம ஊர்ல இத மூட்டை கணக்குல வாங்கிப் போடுதோம். இங்கன தரையே ஜிப்சந்தான் பாத்துக்க." போன புதிதில் நீங்கள் போனில் சொன்ன முதல் பேச்சே இதுதான். ஊர் எப்படி, சாப்பாடு எப்படி என்று நான் கேட்டதற்கெல்லாம் பதில் வரவில்லை. மண்ணை வகை பிரித்து வரைபடம் போடும் கம்பெனியில் உங்களுக்கு வேலை. அதில் தலைகால் புரியாத சந்தோஷம். "பொஞ்சாதி எப்படி இருக்கான்னு ஒருநாள் கேட்டியளா? மண்ணு எப்படி இருக்குன்னுல்லா சொல்லுதிய" என்று நான் சண்டை போடுவேன். நீங்கள் சிரித்துவிட்டு மறுபடியும் மண்ணுக்கே போவீர்கள்.

கேட்டுக் கேட்டு எனக்கும் பாதி மனப்பாடம் ஆகிவிட்டது. அங்கே மணல்மேடு வெள்ளையாக இருக்கும், வெயிலில் நம்ம ஊர் ஆற்று மணல் மாதிரிக் காலைச் சுடாது. ஒரு மணியை எடுத்து நகத்தால் கீறினால் கீறல் விழும். நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்காது. அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்பு மண் பொங்கும், ஜிப்சம் கம்மென்று கிடக்கும். அடுப்பில் வைத்து ரொம்பச் சூடாக்கினால் தன் உடம்புக்குள் இருக்கிற தண்ணீரையே விட்டுவிடும், நிறை தப்பாக வரும், அதனால் இளஞ்சூட்டில்தான் உலர்த்த வேண்டும். புத்தகத்தில் அதற்கு ஜிப்சிசால் என்று பெயர் என்றீர்கள். வாயில் நுழையாத பெயராக இருந்ததால் நான் அதை வைத்து உங்களைக் கேலி செய்தேன்.

நீங்கள் உங்கள் பாஷையில் அதை மூன்றாகப் பிரித்து வைத்திருந்தீர்கள். காற்றோடு ஓடுகிற மணல் ஒன்று. அடியில் ஓடு மாதிரி இறுகிப்போய்க் கடப்பாரைக்கும் மசியாதது ஒன்று. மூன்றாவது மாவு. மேலே கொஞ்சம் மணல், கீழே மாவு மாதிரி அடைந்து கிடக்கும் ஜிப்சம். காய்ந்திருக்கும் வரை சுவர் மாதிரி நிற்கும், தண்ணீர் இறங்கினால் கரையும். "மேல ஒண்ணும் தெரியாதுட்டி. அடியில பொந்து விழுந்துக்கிட்டே இருக்கும். ஒருநாள் பொசுக்குன்னு தரை இறங்கிரும்." அந்த இடங்களை எல்லாம் வரைபடத்தில் சிவப்பாக அடிப்பீர்களாம். அங்கே கட்டடம் கூடாது, குழாய் கூடாது, தோட்டம் கூடவே கூடாது.

நீங்கள் தங்கியிருந்த கேம்புக்குப் பின்னால், ஆட்களை அடக்குகிற சின்ன மையவாடியும் மாவு மண்தான் என்று நீங்களே ஒருநாள் சொன்னீர்கள். மணலில் குழி தோண்டினால் சரிந்து சரிந்து மூடிக்கொள்ளும், அங்கே மட்டும்தான் கபருக்குள் சுவர் நேராக நிற்கிறது, அதனால் முன்னால் இருந்தவர்கள் அந்த இடத்தைப் பிடித்திருக்கிறார்கள் என்று. நான் அப்போது கடலை உரித்துக்கொண்டிருந்தேன். "நல்ல பேச்சு பேசுதிய விடிஞ்சும் விடியாம" என்று போனை வைத்துவிட்டேன்.

விடியற்காலை ஸுபுஹு தொழுகைக்கு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலேயே சாய்ந்துவிட்டார் என்று உங்களைப் பற்றிச் சேதி வந்தது. மையத்து ஊர் வந்து சேர நாளாகும், போட்டு வைக்க வேண்டாம், அங்கேயே அடக்குவதுதான் நல்லது என்று பள்ளிவாசலில் பெரியவர்கள் சொன்னார்கள். நஸீமா என் முகத்தைப் பார்த்தாள். நானும் சரி என்றேன். ஒரு மையத்தைக் காக்க வைக்கலாமா? ஆனால் உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை மச்சான். மண் அள்ளிப் போட நம் வீட்டு ஆள் ஒருவரும் அங்கே இல்லை.

அந்தக் குறையை நிரப்பியவர் ஒருவர்தான். அப்பாஸ் என்று வைத்துக்கொள்கிறேன். அது அவர் பெயர் இல்லை, உங்களுக்கு யாரென்று தெரியும். வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: புளியங்குடிக்காரர், கேம்பில் சமையல், என் மச்சானைக் கூடப் பிறந்த அண்ணனாக நினைத்தவர். சின்ன வயதிலேயே எலுமிச்சை மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கப் போனவர், பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. தமிழ் வாசிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

நம் ஊரில் கபரை மூடியதும் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை தண்ணீர் ஊற்றுவோம், தலைமாட்டில் ஒரு பச்சைக் கொப்பை நடுவோம். அது வாடாமல் இருக்கிற வரைக்கும் உள்ளே இருப்பவருக்கு நல்லது என்பது நம்பிக்கை. அங்கே மற்றவர்கள் ஒரு கல்லை மட்டும் வைத்துவிட்டு வந்துவிடுவார்களாம். அப்பாஸ் தம்பிக்கு மனசு கேட்கவில்லை. எங்கேயோ நகரத்து நர்சரியில் சொல்லி ஒரு மருதாணிக் கன்று வரவழைத்து உங்கள் தலைமாட்டில் நட்டார். கேம்பில் அரிசி களைகிற தண்ணீரை வீணாக்காமல் கேனில் பிடித்துத் தினமும் சுமந்து போய் ஊற்றினார்.

வெள்ளிக்கிழமைதோறும் எனக்குப் போட்டோ வரும். கூடவே அவர் குரல். "மதினி, துளிர் விட்டிருக்கு பாத்தியளா? அண்ணாச்சி குளிர்ச்சியா இருக்காக. நீங்க ஒண்ணுக்கும் வெசனப்படாதிய, நான் பாத்துக்கிடுதேன்." சுற்றிலும் வெள்ளை வெளேர் என்ற மணல், நடுவில் ஒரு கைப்பிடிப் பச்சை. அந்தப் படத்தைப் பார்த்துத்தான், வாசல் தாண்டாமல் இத்தா இருந்த நாட்களைக் கழித்தேன். செடி என்னைவிட நன்றாக இருந்தது. எனக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது.

மாப்பிள்ளை அங்கே வேலைக்குச் சேர்ந்ததும் நஸீமா எனக்கு பாஸ்போர்ட் எடுத்தாள். "உம்மா, ஒரு தடவை போயி வாப்பா கபர பாத்துட்டு வந்துரு" என்றாள். எனக்கு வேறு ஆசை எதுவும் கிடையாது. அந்தச் செடிப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும், அவ்வளவுதான். பெட்டியில் என்ன எடுத்துவைக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அப்பாஸ் தம்பி போன் செய்தார். குரலே சரியில்லை.

"மதினி, இங்கன பெருமழை. அண்ணாச்சி கபரு உள்ள இறங்கிட்டு. கல்லையும் காணல, செடியையும் காணல."

"மத்த கபருக?"

"அண்ணாச்சியோடதும் ரெண்டு பக்கத்துல உள்ளதுகளும்தான் போச்சு. எதுத்த வரிச அப்படியே இருக்கு. அல்லாவோட நாட்டம் மதினி, நாம என்ன செய்ய."

மழை ஒரு வரிசைக்கு மட்டுமா பெய்யும்? அவர் அழுதுகொண்டே பேசிக்கொண்டிருந்தார். எனக்கு உங்கள் குரல்தான் காதில் கேட்டது. அடியில பொந்து விழுந்துக்கிட்டே இருக்கும். எத்தனை கேன் தண்ணீர் மச்சான், எத்தனை வெள்ளிக்கிழமைப் போட்டோ. நானும்தானே பார்த்துப் பார்த்து மாஷா அல்லாஹ் சொன்னேன். உங்கள் மண்ணைப் பற்றி இந்த ஊரிலேயே அதிகம் கேட்டவள் நான். ஒரு நாளாவது புத்தியில் உறைத்ததா?

கம்பெனிக்காரர்கள் ஆபத்து என்று மெஷினைக் கொண்டுவந்து, பள்ளத்தில் மணலைக் கொட்டி, அந்த வரிசையைத் தரையோடு தரையாக நிரவிவிட்டார்கள். பிறகு காற்றுக் காலம் வந்தது, மணல்மேடு அதன் மேல் ஏறிப் படுத்துவிட்டது. பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் போய்ச் சொன்னேன். "எங்க அடங்கியிருக்காகன்னு அல்லாஹ்வுக்குத் தெரியும்மா" என்றார். அல்லாஹ்வுக்குத் தெரியும், எனக்குத் தெரிய வேண்டாமா? கேட்கக் கூடாத கேள்வி என்று அவர் முகம் சொன்னது. கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

இத்தோடு போயிருந்தால் நான் என் தலையெழுத்து என்று இருந்திருப்பேன். போன மாதம் மறுபடியும் ஒரு வெள்ளிக்கிழமை, மறுபடியும் ஒரு போட்டோ. வெள்ளை மணல், ஒரு புதுக் கல், ஒரு புது மருதாணிக் கன்று. "வேலிக் கம்பத்துல இருந்து காலால எட்டு வச்சு அளந்து பாத்தேன் மதினி. இதுதான் அண்ணாச்சி இடம். இல்லாட்டாலும் பக்கத்துலதான் இருக்கும். தண்ணி ஊத்த ஆரம்பிச்சிட்டேன். நீங்க தைரியமா வாங்க."

போட்டோவில் அந்தக் கன்று எதிர் வரிசைக் கற்களை ஒட்டி இருந்தது. அந்தக் கல்லுக்குக் கீழே இருப்பது நீங்கள் இல்லை. யாரோ ஒருத்தியின் புருஷன், பீகாரோ வங்காளமோ. அவளும் எங்கேயோ ஒரு போட்டோவை வைத்துக்கொண்டிருப்பாள். அவள் ஆளையும் இந்தத் தண்ணீர் கீழே இறக்கும். இதை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் அந்த மனுஷன் அதற்குமேல் சோறு தின்பாரா? உங்களைக் கபரோடு தொலைத்தது தன் கைதான் என்று தெரிந்தால்?

இரண்டு நாள் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அப்புறம் பேசினேன்.

"தம்பி, இனி அங்கன தண்ணி ஊத்தாதிய. செடியையும் பிடுங்கிருங்க."

"ஏன் மதினி?"

வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னேன். "அவுகளுக்கு மருதாணி வாசமே ஆவாது. தலவலி வந்துரும்."

கல்யாணத்துக்கு முந்திய நாளிலிருந்து மருதாணி போட்ட என் உள்ளங்கையை முகர்ந்துகொண்டே இருந்த மனுஷனைப் பற்றி இப்படி ஒரு பொய். நீங்கள் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்?

"முன்னமே சொல்லியிருக்கலாம்லா மதினி" என்றார். "இவ்வளவு நாளும் தலமாட்டுலயே வச்சு அண்ணாச்சிக்கு உபத்திரம் குடுத்திருக்கேனே. ஏன் மதினி சொல்லல?"

ஒரு குத்திலிருந்து அவரைக் காப்பாற்றப் போய் இன்னொரு குத்துக் குத்திவிட்டேன். இதற்கும் என்னிடம் மருந்து கிடையாது.

"மழையாலதான மதினி கபரு இறங்கிச்சு?" திடீரென்று கேட்டார். அவர் மனசில் ஏதோ லேசாகத் தட்டியிருக்க வேண்டும்.

"ஆமா தம்பி. மழைதான்."

செடியைப் பிடுங்கிவிட்டார். கல்லையும் எடுத்துவிட்டாராம். இப்போது வெள்ளிக்கிழமை போட்டோ வருவதில்லை. நான் பயணத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நஸீமா கோபத்தில் இருக்கிறாள். அவளிடமும் காரணம் சொல்லவில்லை, இனி இதை வாசித்துத் தெரிந்துகொள்வாள். வந்து எந்த மணலைப் பார்க்க மச்சான்? மேலாகப் பார்த்தால் அங்கே எல்லா மணலும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். புளியங்குடிப் பக்கம் வளைகுடாவில் சமையல் செய்த ஒருவரை நீங்கள் அறிந்திருந்தால், இதை அவருக்கு வாசித்துக் காட்டிவிடாதீர்கள்.

மச்சான், கியாமத் நாளில் எல்லோரையும் எழுப்பும்போது அவர் என்னை முந்திக்கொண்டு உங்களைத் தேடி ஓடி வருவார். கபர் ஏன் இறங்கியது என்று கேட்டாலும் கேட்பார். மழை என்று சொல்லிவிடுங்கள். அங்கே பொய் சொல்ல முடியாது என்று தெரியும், அப்படியானால் ஒன்றும் சொல்லாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். இங்கே என் மூச்சு இருக்கிற வரைக்கும் அவர் காதுக்கு அது போகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் மாமன் மகள்,
ஜைனப்