இரண்டு ஷிப்டு தூரம்

பாப்பா,

சென்னையிலிருந்து மெல்போர்ன் எட்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேலே என்றும், சிங்கப்பூரில் மாறிப் போனால் பதினாறு மணி நேரம் என்றும் பக்கத்து குவார்ட்டர்ஸ் நெடுமாறன் போனில் பார்த்துச் சொன்னார். நமக்கு அது இரண்டு ஷிப்டு.

நேற்று எனக்கு வார விடுமுறை. காலை ஆறு மணி ஷிப்டுக்கு ஆட்கள் போனதும் ஹாலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பாத்ரூம் போக மட்டும்தான் எழுந்தேன்.

மத்தியானம் உன் அம்மா, "மைன்ஸ்ல லீவுன்னா வூட்ல டூட்டியா?" என்று கேட்டாள்.

"பிளைட்ல உக்காந்துகினு இருக்கேன்" என்றேன்.

அவள் சாப்பாட்டைத் தட்டில் போட்டு என் மடியில் வைத்தாள். சாயங்காலம் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவது ஷிப்டு முடிந்து, பத்து மணிக்குத்தான் இரண்டு பேரும் எழுந்தோம்.

அந்தப் பையனோடு உனக்கு அங்கே கல்யாணம் நடந்தபோது, முட்டி வலியோடு அவ்வளவு நேரம் உட்கார முடியாது, வரவில்லை என்று சொன்னேன்.

நேற்று முட்டி வலிக்கவில்லை. அன்றைக்கும் வலித்திருக்காது.

மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல்.

அப்பா