அவர் கேட்ட கற்கள்

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கு நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். சின்னவளுக்குக் காது வலி என்று எழுதியிருந்தாயே, டாக்டரிடம் காட்டினாயா? யாராவது சொன்னார்கள் என்று எண்ணெய் கிண்ணெய் விட்டுவிடாதே.

உன் அத்தான் அந்த ஆடிட்டரம்மாவோடு புதுக் குடியிருப்பில் இருப்பது உனக்குத் தெரியும். போனபோது சட்டை, செருப்பு, ஷேவிங் செட் வரை எடுத்துக்கொண்டு போனவர், ஹாலில் இருந்த கடல்மீன் தொட்டியை மட்டும் விட்டுப் போனார். பார்த்துக்கொள்ளத்தான் ஒருத்தி இருக்கிறாளே!

போன மாதம் திடீரென்று வாசலில் வந்து நின்றார். கையில் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள். அந்தம்மா கீழே காரில். புது வீட்டில் இவர் இதைவிடப் பெரிய தொட்டி வைத்திருக்கிறாராம். உயிருள்ள பவளம் வளர்க்கக் கடையில் வாங்கிய கல் எதுவும் சரியில்லையாம். ஒன்றில் உலோகம் கலந்த மாதிரி பச்சையாகக் கோடு ஓடுகிறதாம், இன்னொன்று அம்மிக்கல் மாதிரி கனக்கிறதாம். நம்ம தொட்டியிலிருந்து பாதிக் கல்லைப் பொறுக்கிக் கொடு, கல் விஷயத்தில் உன்னை மிஞ்ச ஆளில்லை என்றார். கல்யாணமானதிலிருந்து அவர் வாயால் நான் கேட்ட ஒரே பாராட்டு இதுதான் குட்டி. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ‘நம்ம தொட்டி’ என்றார் பார், அதுதான் நெஞ்சில் நெருப்பை வைத்தது.

எனக்குக் கர்ப்பப்பை எடுத்த அன்று ஆஸ்பத்திரியில் நீதானே கூட இருந்தாய். அவர் வீட்டில் தொட்டிக்குள் கல்லை ஒட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். பசை காய்ந்துவிடும், பாதியில் விட்டு வர முடியாது என்றார். மயக்கம் தெளிந்ததும் நான் போனில் என்ன கேட்டேன் தெரியுமா? கல் சரியாமல் நின்றதா என்று கேட்டேன். அவ்வளவு அசடு நான்.

மறுநாள் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டுப் பொறுக்க உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவள் என்பதால் கல்லைச் சோதிக்கும் வேலை எப்போதும் என் தலையில்தான். வினிகர் விட்டால் நுரைக்க வேண்டும். கையில் எடுத்தால் பார்வைக்குத் தெரிவதைவிட லேசாக இருக்க வேண்டும். உள்ளே தண்ணீர் புகுந்து வெளியேறத் துளைகள் வேண்டும். கடல் வாசனை அடிக்கலாம், அழுகிய முட்டை வாடை கூடாது. ஊதாப் பாசி படர்ந்த கற்களாகப் பார்த்து எடுத்து வைத்தேன். நம்பு, நல்ல கற்களாகத்தான் எடுத்தேன்.

பிறகு அலமாரியைத் திறந்தேன். மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தபோது மீனைத் தனி வாளிக்கு மாற்றிக் கொடுக்க வாங்கிய தாமிர மருந்து அதில் இருந்தது. மீன் தாங்கும், பவளமும் இறாலும் தாங்காது. கல்லில் இறங்கிவிட்டால் லேசில் போகாது, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும். அவர் ஆசை ஆசையாக வளர்க்கப்போவதெல்லாம் ஒவ்வொன்றாகச் சாகும், காரணம் புரியாமல் தவிப்பார் என்று நினைத்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு இனித்தது. மூடியைத் திருகித் திறந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துக் கல்லின் பொந்திலிருந்து நூல் மாதிரி ஒரு கை வெளியே வந்து துழாவியது. ஒரு சின்ன நட்சத்திர மீன். அது எனக்கு என்ன கெடுதல் செய்தது?

மருந்தைச் சமையலறை சிங்க்கில் கொட்டினேன். ஆனால் காலிப் பாட்டிலை அவருடைய டப்பாவில், கற்களுக்கு நடுவில் செருகி மூடிவிட்டேன்.

எடுத்துக்கொண்டு போன அன்றைக்கே போன் வந்தது. எந்தக் கல்லில் விட்டாய் என்று கத்தினார். பிறகு குரல் இறங்கி, தயவுசெய்து சொல்லிவிடு என்றார். பார்த்தால் தெரியாதா உங்களுக்கு என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அன்றைக்கு இரண்டு தோசை கூடவே சாப்பிட்டேன்.

இங்கேயும் அங்கேயும் மீன் தொட்டி மோட்டார் பழுது பார்க்கும் ஆள் சொன்னார், கற்கள் எல்லாம் அங்கே குளியலறையில் டப்பாக்களில்தான் கிடக்கின்றனவாம். தொட்டியில் போடப் பயம், தூக்கி எறிய மனசில்லை. தினமும் தண்ணீரைச் சோதிக்கிறாராம். தாமிரம் இல்லை என்றுதான் வருகிறதாம், ஆனாலும் நம்ப முடியவில்லையாம். குளிக்க இடமில்லை என்று அந்தம்மா சண்டை பிடிக்கிறாராம். ஆபீஸ் மீட்டிங், ஆபீஸ் மீட்டிங் என்று அவர் சொன்னதையெல்லாம் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். நம்ப முடியாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அவரும் கொஞ்ச நாள் தெரிந்துகொள்ளட்டும்.

மிச்சக் கற்களையும் மீன்களையும் பள்ளிக்கூடத்து ஆய்வகத்துக்குக் கொடுத்துவிட்டேன். ஹால் இப்போது பெரிதாகத் தெரிகிறது. மோட்டார் சத்தம் இல்லாததால் கடிகாரம் ஓடுவது கூடக் கேட்கிறது.

அடுத்து உனக்குத்தான் போன் செய்வார். நீ இளகிய மனசுக்காரி, அவர் குரல் உடைந்தால் உண்மையைச் சொல்லிவிடுவாய். சொல்லாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். நான் செய்தது சரியா தப்பா என்று எனக்கும் எழுதாதே. பள்ளி விடுமுறை விட்டதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா. எவ்வளவு வேண்டுமானாலும் கத்தட்டும், ஓடட்டும், எதையாவது போட்டு உடைக்கட்டும். ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அக்கா