பொன்னம்மா வீட்டுக்குப் போன அரிசி

இன்று காலை அரிசி களையும்போது தண்ணீரில் தேயிலை வாசம் வந்தது. எலித் தொல்லை தாங்காமல் மருமகள் பழைய தேயிலைப் பெட்டி ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்து, பங்கு அரிசியை அதில் கொட்டி வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. கையைத் தண்ணீரில் வைத்தபடியே நின்றுவிட்டேன். "என்னங்க அத்த, பூச்சியா?" என்று அவள் கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். அப்புறம் பேரனின் கொப்பியில் ஒரு தாள் கிழித்துக்கொண்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு எழுத்து தெரியாது. உயிரோடு இருந்திருந்தாலும் இதை நான்தான் உனக்குப் படித்துக் காட்டியிருக்க வேண்டும். என் ஐந்தாம் வகுப்பு எழுத்தைப் பெரிய படிப்பென்று நினைத்தவள் நீ ஒருத்திதான்.

நாம் இருவரும் ஒரே வருஷத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில் பள்ளத்தில் இருந்த பணிய லயத்துக்கு வாழ வந்தவர்கள். உன் ஒற்றை அறைக் காம்பராவுக்கும் என் காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர்; காலையில் நான் தட்டினால் நீ பதிலுக்குத் தட்டுவாய். மலையில் பாறை சரிந்து உன் வீட்டுக்காரர் போனபோது உனக்கு முப்பது வயசுகூட ஆகவில்லை. பிள்ளையும் இல்லை. ஊருக்குப் போய்விடு என்று எல்லோரும் சொன்னார்கள். "எந்த ஊருக்குப் போறது? எனக்கு இந்தப் பீலித் தண்ணிதான் ஊரு" என்று சொல்லிவிட்டு, மறுநாளே கூடையை மாட்டிக்கொண்டு, வேலைக்குப் பெயர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்கு வந்து நின்றாய்.

வேலை நிறுத்தம் நடந்த அந்த வருஷம் நினைவிருக்கிறதா? வோட்டுரிமை போய், நம்மைக் கேட்க ஆளில்லாமல் போயிருந்த காலம். புதிதாக வந்த தொரை, ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கொழுந்து நிறையைக் கூட்டினார். எதிர்த்துப் பேசிய ஐந்து குடும்பங்களுக்கு வேலையை விட்டு நிறுத்தும் பத்துச்சீட்டுக் கொடுத்து, பெயரை வெட்டி, லயத்தைக் காலி செய்யச் சொன்னார். அதற்காகத்தான் தோட்டமே வேலையை நிறுத்தியது. என் வீட்டுக்காரர் அப்போது சங்கக் கமிட்டியில் காரியதரிசி. இரண்டு நாளில் முடிந்துவிடும் என்றார். முதல் வாரமே ஸ்டோரில் அரிசி போடுவதை நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது வாரத்தில் பிள்ளைகள் பசியில் சண்டை போடக்கூடத் தெம்பில்லாமல் வாசல் இஸ்தோப்பில் சுருண்டு கிடந்தார்கள்.

பிடி அரிசி யோசனை உன்னுடையது. பக்கத்துத் தோட்டங்களில் வேலை நடக்கிறது, அங்கே அடுப்பு எரிகிறது, உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைக்கச் சொன்னால் மாட்டேன் என்பார்களா என்று கேட்டாய். கமிட்டி ஆம்பிளைகள் பிச்சை எடுப்பதா என்று முகம் சுளித்தார்கள். நீ யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. மறுநாள் காலை படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு மலையேறினாய்.

எத்தனை லயம் நடந்தோம்! ஒவ்வொரு வாசலிலும் நீ ஒரே மாதிரிதான் கேட்டாய்: "இன்னிக்கு எங்களுக்கு. நாளைக்கு உங்களுக்கு வராம இருக்கட்டும்." அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. இல்லை என்று சொன்ன வாசல் ஒன்றும் எனக்கு நினைவில்லை. திரும்பும் வழியில், ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்துச் சிங்கள அம்மா ஒருத்தி நம் மூட்டையைப் பார்த்துவிட்டு, ஒரு கட்டு மரவள்ளிக் கிழங்கைக் கொண்டுவந்து, "லமயின்ட தென்ன" என்று உன் கையில் திணித்தாள். பிள்ளைகளுக்குக் கொடு என்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. நீ அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய்.

ஈயத்தாள் ஒட்டிய தேயிலைப் பெட்டி ஒன்றைக் கழுவிக் காயவைத்து, உன் காம்பராவில் வைத்துப் பூட்டுப் போட்டோம். சாவி உன் தாலிக்கயிறு இருந்த இடத்தில், கறுப்பு நூலில் தொங்கியது. அந்த அரிசியை எத்தனை தடவை களைந்தாலும் தேயிலை வாசம் போகாது. யாரையும் வரிசையில் நிற்கவிடமாட்டாய். ஒவ்வொரு வீட்டுப் பங்கையும் நீயே சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போய், வாங்கின கடனைத் திருப்பிக் கொடுப்பவள் மாதிரி அடுப்பங்கரையில் வைத்துவிட்டு வருவாய். "பசிச்ச மூஞ்சிய நாலு பேரு பாத்துட்டா, அப்புறம் சோறு இறங்காது புள்ள" என்றாய்.

அப்புறம் நம் லயத்துக் காத்தமுத்து விஷயம் வந்தது.

அவனுக்கும் அவன் பெண்சாதி பொன்னம்மாவுக்கும் ஒரு கைப்பிள்ளை; அதற்கு இருமல். மருந்துக்கு வழியில்லாமல், யாருக்கும் சொல்லாமல் தொழிற்சாலையில் போய் வேலைக்கு நின்றான். மூன்றாம் நாள் மழைத்தண்ணீர் ஓடும் கானில் வழுக்கி விழுந்து கால் ஒடிந்தது. தொரையின் ஆட்கள் அவனைத் தூக்கிக்கொண்டுவந்து காம்பரா வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். லயத்தில் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. கருங்காலி வீட்டுக்கு ஒரு பிடிகூடப் போகக்கூடாது என்று கமிட்டி முடிவு செய்தது. முடிவைப் படித்தது என் வீட்டுக்காரர்.

நீ எழுந்து கேட்டாய்: "அவன் மேல கோவப்படுங்க. பால் இல்லாம கிடக்கிறாளே பொன்னம்மா, அவ மேல என்ன கோவம்?"

அவர் கத்தவில்லை. "அக்கா, ஒருத்தனுக்கு இரங்கினோம்னா நாளைக்குப் பத்துப் பேரு வேலைக்குப் போவாங்க. அந்த அஞ்சு குடும்பத்தையும் அப்புறம் யாரு காப்பாத்துறது?" என்றார். அதிலும் நியாயம் இருந்தது. நீயும் உட்கார்ந்துவிட்டாய்.

நான்கைந்து நாள் கழித்து விடியும் நேரத்தில் பீலிக்குத் தண்ணீர் பிடிக்க வந்தபோது உன்னைப் பார்த்தேன். தலைப்பில் முடிச்சோடு பொன்னம்மா வீட்டுப் பின்பக்கம் போய்க்கொண்டிருந்தாய். நான் பயந்துவிட்டேன்.

"இது பெட்டி அரிசி இல்ல புள்ள. எனக்கு வர்ற பங்கு."

"அப்ப நீ என்னத்த சாப்பிடுற?"

"கீரை இருக்கு. வெறும் தேயிலைச் சாயத்தண்ணி இருக்கு. ஒத்தக்கட்டைக்கு என்ன?" என்று சிரித்தாய். பிறகு மெதுவாக, "உன் வீட்ல சொல்லிறாத. அவரு காரியதரிசி. உனக்குத்தான் சங்கடம்" என்றாய்.

நான் சொல்லவில்லை. உன் கன்னம் ஒட்டிப்போவதையும், பாதம் வீங்குவதையும், மேடு ஏறும்போது நீ இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சொல்லவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. மற்றத் தோட்டங்களிலும் கை இறுகியது. பெட்டியில் அரிசி அடிக்குப் போனதும் பேச்சு கிளம்பியது. மேட்டு லயத்து ராக்காயி உன்னைப் பொன்னம்மா வீட்டுப் பின்னால் பார்த்தேன் என்று சொல்லிவிட்டாள். அவள் பொய் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாரியம்மன் கோயில் முன்னால் எல்லோரும் கூடினார்கள்.

கமிட்டித் தலைவர் வயசானவர். மரியாதையாகத்தான் கேட்டார். "தாயி, காத்தமுத்து வீட்டுக்கு அரிசி குடுத்தியா?"

"குடுத்தேங்க."

"பெட்டி அரிசியா?"

"இல்லைங்க. என் பங்கு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தன் பங்கைக் கொடுத்துவிட்டு ஒருத்தி எப்படி உயிரோடு இருப்பாள் என்று கேட்டார்கள். தலைவர் கையை உயர்த்தி அடக்கினார். "உன் பங்குதான்னு தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா? இருந்தா சொல்லு. இதோட முடிச்சிருவோம்."

நான் உனக்கு நான்கு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் எனக்கு எதிரில். வாயைத் திறந்தால், கமிட்டி முடிவை மீறியது தெரிந்தும் நான் இத்தனை நாளும் அவரிடம் மறைத்தது வெளியில் வரும். ஊர் முன்னால் அவருக்குத் தலைகுனிவு. இதெல்லாம் இன்று எழுதத்தான் காரணமாகத் தெரிகிறது. அன்று நான் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

நீ என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்னவோ. தரையைப் பார்த்துக்கொண்டு, "இல்லைங்க. யாருக்கும் தெரியாது" என்றாய்.

கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி வாங்கி, அதை என்னிடம் கொடுத்தார்கள். காரியதரிசி வீட்டில் இருந்தால் பத்திரமாம். பெட்டியை இரண்டு பேர் சுவருக்கு இந்தப் பக்கம் தூக்கி வந்தார்கள். நீ அவர்களுக்குக் கதவை அகலத் திறந்து விட்டாய். என்னிடம், "நல்லதுதான் புள்ள. உன் கை பெருசு. பிடி நல்லா விழும்" என்றாய். குத்திக்காட்டிச் சொன்னதாக நினைத்து அன்று முழுக்கப் புழுங்கினேன். அப்படிக் குத்தத் தெரிந்தவள் இல்லை நீ என்பது அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நீ எழுந்து நடமாடியது கொஞ்ச நாள்தான். டிஸ்பென்சரி ஐயா வந்து இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, உடம்பில் இரத்தமே இல்லை, நல்ல சாப்பாடு கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் என் பங்கிலிருந்து கஞ்சி காய்ச்சி, பித்தளைக் கிண்ணத்தில் ஊற்றி, தினமும் பதினொரு மணிக்குக் கொண்டுவந்தேன். அப்படிச் செய்தால் கோயில் முன்னால் நடந்தது சரியாகிவிடும் என்று ஒரு நினைப்பு. "வச்சிட்டுப் போ, ஆறட்டும்" என்பாய். மறுநாள் கிண்ணம் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். குடித்துவிட்டாய் என்று மனசு கொஞ்சம் ஆறும்.

ஏன் பேசாமல் நின்றாய் என்று நீ கேட்பாய், கேட்பாய் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். கேட்கவே இல்லை. கடைசி நாள் ஒன்றே ஒன்று கேட்டாய்.

"பொன்னம்மாவுக்கு ஏதாச்சும் குடுத்தியா புள்ள?"

சாவி என் இடுப்பில் இருந்தது. நான் ஒரு பிடிகூடக் கொடுக்கவில்லை. அந்த வீட்டுப் பக்கம் நடக்கவே பயமாக இருந்தது. உன் முகத்தைப் பார்த்து, "குடுத்தேன்" என்றேன்.

என்னைப் பார்த்தாய். "நல்லது. நீ போ, பிள்ளைங்க தேடும்" என்றாய்.

மறுநாள் காலை சுவரைத் தட்டினேன். பதில் தட்டு வரவில்லை.

உன்னை எடுத்துக்கொண்டு போகும்போது பொன்னம்மா தேயிலைச் செடிகளுக்குள் தனியாக நின்றாள். பெண்கள் அவளைப் பக்கத்தில் விடவில்லை. நானும் கூப்பிடவில்லை. அன்று சாயங்காலம் அவள் என் பின்வாசலுக்கு வந்தாள். கையில் என் பித்தளைக் கிண்ணம்.

"உங்க வீட்டுக் கிண்ணங்க" என்று நீட்டினாள்.

"இது உன்கிட்ட எப்பிடி வந்துச்சு?"

"தினமும் உச்சி நேரத்துல பின்பக்கமா வரச் சொல்லுவாங்க. கஞ்சி குடுப்பாங்க. அங்கேயே குடிச்சுக் கழுவிக் கவுத்துட்டு வந்துருவேன். நேத்து புள்ள அழுதான்னு கிண்ணத்தோட எடுத்துட்டுப் போகச் சொன்னாங்க." தலையைக் குனிந்துகொண்டாள். "நான் குடிச்சிட்டேன், மிச்சத்தத்தான் தர்றேன்னு சொல்லுவாங்க. பாத்தா கிண்ணம் நெறைய இருக்கும். பொய்யின்னு தெரியுங்க. ஆனா புள்ளைக்குப் பால் வேணுமே. வாங்கிட்டேன்."

அவள் அழவில்லை. நானும் அழவில்லை. நான் குடுத்தேன் என்று சொன்ன நேரத்தில், பொன்னம்மாவுக்கு எங்கிருந்தும் ஒரு பிடி வரவில்லை என்பது உனக்குத் தெரியும். தெரிந்தும்தான் நல்லது என்றாய்.

அடுத்த வாரமே வேலை நிறுத்தம் முடிந்தது. மூன்று குடும்பங்களுக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது. இரண்டு குடும்பங்கள் சட்டி பானையோடு டயகமப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய்விட்டன. ஸ்டோரில் அரிசி போட ஆரம்பித்தார்கள். நீ இன்னும் எட்டு நாள் இருந்திருந்தால் உன் பங்கை நீயே வாங்கியிருப்பாய்.

உன் பதினாறாம் நாள் எல்லோரும் கூடியிருந்தபோது நான் எழுந்து சொன்னேன். பீலியில் உன்னைப் பார்த்தது, நீ சொன்னது, கோயில் முன்னால் நான் நின்றது, கஞ்சி, கிண்ணம், எல்லாம். ஒன்றும் விடாமல் சொன்னேன். ராக்காயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தலைவர், "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே தாயி" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

என் வீட்டுக்காரர் என்னோடு மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் காலை, எங்கள் வீட்டு அரிசியில் ஒரு பாதியைச் சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, லயம் முழுக்கப் பார்க்கக் காத்தமுத்து வீட்டு இஸ்தோப்பில் இறக்கிவிட்டு வந்தார். வந்து உட்கார்ந்து, "அந்த அக்காவ நான்தான் கொன்னுட்டேன்" என்றார். இல்லை, நான்தான் என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். இன்றுவரை எங்களுக்குள் அந்த வழக்கு தீரவில்லை.

காத்தமுத்துவுக்குக் கால் கூடியது, நொண்டிதான். கைப்பிள்ளை பிழைத்தது. பொன்னம்மா என்னை இப்போதும் "அக்கா" என்றுதான் கூப்பிடுகிறாள். அந்தச் சொல்லை வாங்கிக்கொள்ள எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கோயில் முன்னால் பேசாமல் நின்றதைக்கூட எப்படியோ சுமந்துகொண்டு நடக்கப் பழகிவிட்டேன். அந்தக் கடைசி நாளைத்தான் முடியவில்லை. அன்று நீ கேட்டபோது, "இல்ல, குடுக்கல, எனக்குப் பயமா இருக்கு" என்று உள்ளதைச் சொல்லியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? கோபித்திருக்க மாட்டாய். என் கையைத் தட்டிக்கொடுத்து, "சரி புள்ள, நாளைக்குக் குடு" என்றிருப்பாய். அவ்வளவுதான் சொல்லியிருப்பாய்.