வலையில் கோத்த ஒல்லாந்தர் காசு

கூட்டாளியாக வந்து மச்சானாகிப் போன ஆதம்பாவாவுக்கு,

அல்லாஹ் உன் கப்றை விசாலமாக்கி வைக்கட்டும். நேற்று சாய்ந்தமருதில் உனக்கு நாற்பதாம் கத்தம் ஓதினோம். சோறு நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். ஆட்கள் போன பிறகு நடந்ததை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

உனக்காக அறைக்குள் இத்தா இருக்கும் என் தங்கச்சி சுலைஹா, அறைவாசலில் நின்று கூப்பிட்டாள். "காக்கா, இவருட வீச்சு வலைய ஒராள் விலைக்குக் கேக்கிறாரு. குடுக்கிறதா, வெக்கிறதா?" நானும் பெரிய மனுஷன் போல வலையை இறக்கி உதறினேன். ஓரம் முழுக்க, வலையைத் தாழ்த்தும் ஈயக்குண்டுகளுக்குப் பதிலாக ஓட்டை போட்ட செப்புக்காசுகள்.

அந்தக் காசுகளை எனக்குத் தெரியாதா? சூறாவளி ஓய்ந்த பிறகு, கரை அரித்த இடத்தில் கிடந்தது என்று சீலைத் துண்டில் முடிந்து, பொத்துவிலில் என் கடைக்கு நீ கொண்டு வந்தவை. ஒல்லாந்தர் காலத்துக் காசு. பெரிய விலை ஒன்றும் போகாது. அறுகங்குடாவுக்கு வரும் வெள்ளைக்காரர்கள் ஞாபகத்துக்கு வாங்கிப் போவார்கள். அவர்களுக்கென்றே பொய்க்காசு வார்த்து விற்கிறவர்களும் இருந்ததால், காசு பார்க்கத் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பெயர்.

என் வித்தை என்ன, ஒரு மாதிரிக்காசு. கடை தொடங்கிய காலத்தில் ஒரு வியாபாரி தந்தது. வருகிற காசையெல்லாம் அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். ஒத்திருந்தால் நல்லது, ஒத்துவராவிட்டால் பொய். உன்னுடையவை ஒன்றுகூட ஒத்துவரவில்லை. ஒன்றில் எழுத்து விளிம்போடு வெட்டுப்பட்டிருந்தது, ஒன்று மெலிசு, ஒன்று வட்டமாகவே இல்லை.

கடை நிறைய ஆட்கள். "வலைக்கு ஈயம் வார்க்கிற கைக்கு காசு வார்க்கிறது பெரிய வேலையா? நல்லாத்தான் வார்த்திரிக்காய் மச்சான்!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். "வல்லாஹி, நான் வார்க்கல்ல மச்சான். கடக்கரையில கிடந்து எடுத்த" என்றாய். நீ சத்தியம் பண்ணின பிறகும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நீ கடைப்பக்கம் வரவில்லை. பெருநாளைக்கு வந்தால் சலாம் சொல்வாய், வட்டிலப்பம் சாப்பிடுவாய், போய்விடுவாய். உனக்கு வேலை கூட என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

நேற்று அந்த ஓட்டைகளுக்குள் பார்த்தேன் மச்சான். உள்ளேயும் இறுக்கமான சிவந்த செம்பு, ஒரு பொள்ளல் இல்லை. என் மாதிரிக்காசு எப்போதும் சட்டைப்பையில்தான் இருக்கும். உன் துறப்பணத்தை எடுத்து அதிலும் ஓட்டை போட்டேன். உள்ளே அப்பம் போலப் பொள்ளல். வார்க்கும்போது காற்று அடைத்த துளைகள். விளிம்பை வெளிச்சத்தில் திருப்பினேன். வார்ப்பு அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த தழும்பை அரத்தால் தேய்த்து மறைத்திருந்தார்கள்.

முத்திரை வைத்து அடித்த பழங்காசு ஒன்றைப் போல ஒன்று இருக்காது. ஒரே அச்சில் வார்த்த பொய்க்காசுதான் ஒன்றுபோல இருக்கும். இத்தனை காலமும் நல்லதைத் திருப்பி அனுப்பிவிட்டு, பொய்யைத் தேடித் தேடி வாங்கி விற்றிருக்கிறேன்.

சுலைஹா பார்த்துக்கொண்டே நின்றாள். "ஈயம் போல காசு கனக்காதே காக்கா, வலை சுறுக்கா தாழாது. மீனும் குறையத்தான் படும். மத்தவங்க பகிடி பண்ணுவாங்க. எண்டாலும் மாத்தமாட்டாரு. பொய்க்காசுக்கு இந்த வேலையாச்சும் இரிக்கட்டும் எண்டுவாரு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இவரு உண்மையாவே வார்த்தவரா காக்கா?" என்று கேட்டாள்.

நீ இருந்த காலத்தில் உன்னிடம் கேட்க அவளுக்கு மனம் வரவில்லையாம். என் பேச்சை நம்பி, உன் பெண்டாட்டி உன்னைச் சந்தேகப்பட்டபடியே உனக்குச் சோறு போட்டிருக்கிறாள். உனக்கு அது தெரிந்திருந்ததா மச்சான்? தெரிந்துகொண்டுதான் அந்த வலையோடு கடலுக்குப் போனாயா?

"இல்ல புள்ள. எண்ட காசுதான் பொய்" என்றேன். அவள் என்னை ஏசியிருக்கலாம். வலையை என் கையிலிருந்து வாங்கி, பழைய இடத்திலேயே கொழுவினாள். "குடுக்கிறதில்ல எண்டு சொல்லுங்க" என்றாள்.

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆட்கள் கடைக்கு வருவார்கள். அன்று சிரித்தவர்களில் அநேகர் இன்றும் வருகிறார்கள். ஓட்டை போட்ட என் காசை அவர்கள் கையில் கொடுத்து, ஆதம்பாவா சொன்னதுதான் சத்தியம் என்று சொல்வேன். சிரிக்கட்டும். இந்த முறை என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். நான் செய்ததை மன்னித்து என்னைப் பொருந்திக்கொள் என்று உன்னிடம் கேட்கிறேன். நீ பதில் சொல்ல முடியாத இடத்தில் இருப்பதும் தெரிகிறது.

உன் மச்சான் என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

சுலைஹாவின் காக்கா